பச்சை ஏரிக்குக் கரி எவ்வளவு தூரம் உதவும்?

ஏரித் தண்ணீர் பச்சையாகி நாற்றம் வீசத் தொடங்கினால், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "கரியைக் கொட்டினால் தெளிந்துவிடாதா?" கேள்வியில் தப்பில்லை. பள்ளி அறிவியல் கண்காட்சியில் கூழாங்கல், மணல், கரி என்று அடுக்கி வடிகட்டி செய்துகாட்டாத வகுப்பு உண்டா? சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மெஷினுக்குள்ளும் ஒரு கரிக் குழல் இருக்கிறது. அதையே கொஞ்சம் பெரிதாக, புதுச்சேரியின் வேல்ராம்பட்டு ஏரிக்கோ கனகன் ஏரிக்கோ செய்தால் என்ன?

செய்யலாம். ஆனால் கரியிடம் எந்த வேலையைக் கேட்கிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். கரி பாசியைக் கொல்லாது. பாசி தண்ணீரில் விடும் நஞ்சைப் பிடித்து வைக்கும். தகுந்தபடி பக்குவப்படுத்தினால் பாசி தின்னும் சத்தையும் பிடித்து வைக்கும். இந்த இரண்டு வேலைக்கும் கரி வேறு, அதை வைக்கும் இடமும் வேறு. ஏரி நடுவில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது இரண்டிலும் சேராது.

எந்தப் பாசி?

குளத்துப் படிக்கட்டில் வழுக்குவது, தண்ணீரில் தலைமுடி போலச் சிக்குவது, மேலே படலமாக மிதப்பது எல்லாவற்றையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவை தொந்தரவு இல்லாதவை, மீனுக்கு உணவும்கூட. நாம் கவலைப்பட வேண்டியது நீலப்பச்சைப் பாசி. பெயர் பாசி என்றாலும் அது உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யத் தெரிந்த பாக்டீரியா. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகைதான் உலகம் முழுக்க நகர ஏரிகளில் அதிகமாகத் தலைகாட்டுவது. அதன் செல்லுக்குள் நுண்ணிய காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு வெளிச்சம் இருக்கும் மேல்மட்டத்துக்கு மிதந்து வந்து, மற்ற பாசிகளுக்கு வெயில் படாமல் மறைத்துவிடும். சூடான, அசையாத, சத்து மிகுந்த தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஏப்ரல், மே மாதத்துப் புதுச்சேரியில் இந்த மூன்றும் ஒன்றாகவே கிடைக்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு ஏரித் தண்ணீர் எடுத்து, ஆட்டாமல் ஒரு இரவு வைத்துவிடுங்கள். காலையில் பச்சை எல்லாம் மேலே ஏறி வளையமாக நின்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அடியில் படிந்தால் சாதாரணப் பாசி. இது உத்தேசக் கணிப்புதான், உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும். நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதை நுண்ணோக்கிகூடச் சொல்லாது. அதற்குத் தனி ஆய்வகப் பரிசோதனை இருக்கிறது.

மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் நஞ்சுக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர். ஈரலைத் தாக்கும். நாள்தோறும் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வரையறுத்தது. குளிக்க, நீந்த, படகு விட என்றால் 24 மைக்ரோகிராம் என்று 2020-இல் இன்னொரு வரம்பு வந்தது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். இந்த நஞ்சு கொதிநிலையைத் தாங்கும், தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேரிடம் "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள்" என்று சொல்ல வேண்டி வந்தது இதனால்தான். அவர்களுடைய தண்ணீர் ஈரி என்ற பெரிய ஏரியிலிருந்து வருகிறது.

புதுச்சேரி நகரம் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதால் அந்த அளவு பதற்றம் நமக்கு இல்லை. ஆனால் ஏரியில் மீன் பிடிப்பவர் இருக்கிறார், மாடு குடிக்கிறது, பறவை இறங்குகிறது. இன்னொன்று, ராத்திரியில் பாசியும் மூச்சு விடும். அடர்த்தியாகப் பாசி பிடித்த ஏரியில் விடியற்காலைக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீன்கள் வெள்ளை வெள்ளையாய் மிதப்பதற்கு நஞ்சே தேவையில்லை.

பாசிக்குச் சோறு போடுவது யார்?

1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சிறிய ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். அந்த ஏரிக்குப் பெயர்கூடக் கிடையாது, 226 என்ற எண்தான். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையாகிவிட்டது, மற்றது தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் நீரியல் படிப்பவர்கள் எல்லோருக்கும் அறிமுகம். ஏரியின் கதவைத் திறக்கும் சாவி பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியாது.

நம் ஏரிக்கு அது எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நம்மிடமிருந்துதான். ஒரு ஆள் ஒரு நாளில் உடம்பிலிருந்து வெளியேற்றும் பாஸ்பரஸ் ஏறக்குறைய ஒன்றரை கிராம், அதில் பாதிக்கு மேல் சிறுநீரில். லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே அது சத்து மிகுந்த ஏரி என்ற கணக்கில் வந்துவிடும். ஒன்றரை கிராமை அந்த அளவால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 43,000 லிட்டர். அதாவது ஒருவருடைய ஒரு நாள் கழிவு, நாலு லாரி நல்ல தண்ணீரைப் பாசிக்கு ஏற்ற தண்ணீராக மாற்றப் போதும். கூடவே சலவைத்தூள், ஹோட்டல் கழிவு, வயல் உரம் எல்லாம் வாய்க்காலில் சேருகின்றன. ஒரு கிராம் பாஸ்பரஸ், காய்ந்த எடையில் 100 கிராமுக்கு மேல் பாசியை வளர்த்துவிடும்.

சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் போதுமே என்று தோன்றலாம். நாற்றத்தையும் கிருமியையும் அது நன்றாகவே குறைக்கும். பாஸ்பரஸில் ஒரு பங்கைத்தான் எடுக்கும், அதற்கென்று தனி ஏற்பாடு செய்திருந்தால் ஒழிய.

கரியில் ஒரு குடும்பமே இருக்கிறது

இஸ்திரிக் கடையில் கனலும் அடுப்புக்கரி, வேளாண்மைக்காரர்கள் பேசும் பயோசார் என்கிற உயிர்க்கரி, வடிகட்டியில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் மூன்றும் உறவுக்காரர்கள்தான். மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ உமியையோ காற்றுப் புகாமல் சுட்டால் கரி. அதையே 350 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள் நிதானமாகச் சுட்டு, மண்ணுக்கோ தண்ணீருக்கோ பயன்படும்படி எடுத்தால் உயிர்க்கரி. அதற்குப் பிறகு 800 முதல் 1,000 டிகிரியில் நீராவியைச் செலுத்தி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைந்தெடுத்தால் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் உள்பரப்பு இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள் இந்தத் துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது.

சாம்பல் இந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. அரிசி ஆலைக் கொதிகலனில் எரிந்து வெளுத்துப்போன உமிச்சாம்பலைக் கரி என்று நினைத்து ஏரியில் போடுபவர்கள் உண்டு. அதில் கார்பன் அநேகமாக எரிந்து தீர்ந்திருக்கும், மிச்சம் தாதுக்கள்தான். விறகுச் சாம்பலாக இருந்தால் இன்னும் மோசம்: காரத்தன்மையை ஏற்றிவிட்டு, கொஞ்சம் பாஸ்பரஸையும் சேர்த்தே கொடுக்கும்.

இப்போது துளையின் அளவுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் சுவையாகப் படுவது இதுதான். தமிழ்நாட்டில் சுலபமாகக் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் தேங்காய்ச் சிரட்டையில் செய்தது, தரத்திலும் பெயர் பெற்றது. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்குக் குறைவானவை. ஏரித் தண்ணீரில் மண்வாடை அடிக்கக் காரணமான ஜியோஸ்மின் மிகச் சிறிய மூலக்கூறு, இந்தத் துளைகளுக்குள் ஜம்மென்று போய் உட்கார்ந்துகொள்ளும். மைக்ரோசிஸ்டின் அப்படியில்லை. அதன் எடை ஜியோஸ்மினைப் போல ஐந்து மடங்குக்கு மேல், குறுக்களவு 1 முதல் 3 நானோமீட்டர் வரும். சிரட்டைக் கரிக்குள் அதை அனுப்ப நினைப்பது இடியாப்ப அச்சின் துளைக்குள் கொண்டைக்கடலையைத் திணிப்பது மாதிரி. இதற்கு 2 நானோமீட்டருக்கு மேற்பட்ட நடுத்தரத் துளைகள் நிறைய உள்ள கரி வேண்டும். மரத்தில் செய்த கரி அப்படிப்பட்டது. பழுப்பு நிலக்கரியில் செய்ததும் அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் குடிநீர் நிலையங்களுக்கு அதிலிருந்து கரித்தூள் செய்கிறார்கள். நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் 1956-இல் நிறுவனம் தொடங்கி வெட்டி எடுப்பதும் அதே பழுப்பு நிலக்கரியைத்தான். மின்சாரம் என்றே அதை நினைத்துப் பழகிவிட்டோம்.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை வருகிறது. சிரட்டைக் கரி போட்டதும் நாற்றம் போய்விடும். மூக்குக்குத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது போல இருக்கும். நஞ்சு கணிசமாக அப்படியே இருக்கலாம். வாடை போனதை வைத்துத் தண்ணீரை நம்பக் கூடாது.

எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது

கரித்தூள் நிரூபித்துக் காட்டிய இடம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 2007 மே மாதக் கடைசியில் சீனாவின் தைஹூ ஏரியில் பாசி வெடித்துப் பெருகி, வூஷி நகரில் சுமார் 20 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. அப்போது ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும், நிலையத்தில் கரித்தூளும் கலந்துதான் நிலைமையைச் சமாளித்தார்கள். டொலிடோவிலும் கரித்தூளின் அளவைக் கூட்டித்தான் மீண்டார்கள். நிலையத்துக்குள் எல்லாம் கைப்பிடிக்குள் இருக்கிறது: எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு நேரம் கலக்குகிறது, கரி எங்கே படிகிறது, எங்கே வடிகட்டி எடுக்கப்படுகிறது என்று தெரியும். வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகும் வழியில் வடக்குத்தில் சுத்தமாகிப் போகிறதே, அந்த மாதிரி மேற்பரப்பு நீரை நம்பும் அமைப்புகள் இந்தத் தொழில்நுட்பத்தைக் கைவசம் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

திறந்த ஏரியில் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடுவோம். 10 ஹெக்டேர் ஏரி, சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் 15 கோடி லிட்டர் தண்ணீர். நிலையங்களில் வழக்கமாகப் போடும் அளவில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டாலும் 3 டன் கரித்தூள் வேண்டும், ஒரே ஒரு தடவைக்கு. சுமார் 800 ஹெக்டேர் உள்ள ஊசுட்டேரிக்கு, அதே ஆழம் என்று வைத்தால், 240 டன். போட்ட தூள் சில மணி நேரத்தில் அடியில் போய்விடும். மட்கிய இலையும் கழிவும் கரைந்த பழுப்புப் பொருள்கள் முதலில் வந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே இருக்கும் பாசி உயிரோடு இருப்பதால் அடுத்த வாரம் புது நஞ்சு வரும். பிடிபட்ட நஞ்சோ சேற்றில் கிடக்கும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் வேறு. சேற்றைக் கிளறித் தின்னும் பறவை வந்திறங்கும் இடத்தில் டன் கணக்கில் தூள் கொட்டுவதை யோசிக்காமல் செய்ய முடியாது.

அதற்காக மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டைப் போட்டுப் பாசியைக் கொன்றுவிடலாமே என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் அதைத்தான் செய்தார்கள். குடிநீர் அணையில் பாசி நாறியது, காப்பர் சல்பேட் போட்டார்கள். சில நாளில் 148 பேர் ஈரல், சிறுநீரகப் பாதிப்போடு நோயாளியானார்கள், பெரும்பாலும் குழந்தைகள். செல் உடைந்தால் உள்ளே இருக்கும் நஞ்சு மொத்தமும் தண்ணீருக்கு வந்துவிடும் என்பது பிறகு தெளிவானது. கரியின் பெரிய நல்ல குணமே அது செல்லை உடைக்காது என்பதுதான்.

சத்தைப் பிடிக்கும் கரி

சரி, நஞ்சை விட்டுவிட்டு பாஸ்பரஸைப் பிடிக்கச் சொல்வோம். நகர ஏரிக்கு இதுதான் பொருத்தமான வேலை. ஆனால் இங்கே வேதியியல் ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. தண்ணீரில் பாஸ்பரஸ் பாஸ்பேட்டாக, எதிர்மின்னூட்டத்தோடு திரிகிறது. சாதாரண உயிர்க்கரியின் மேற்பரப்பிலும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். எருவிலோ ஆகாயத்தாமரையிலோ செய்த கரியாக இருந்தால், தன்னிடம் இருக்கும் பாஸ்பரஸையே தண்ணீருக்குக் கொடுத்தாலும் கொடுக்கும்.

எனவே கரியின் மேல் ஒரு உலோகத்தை ஏற்றுகிறார்கள். இரும்பு, கால்சியம், மக்னீசியம், லாந்தனம் ஆகியவை ஆய்வுகளில் அதிகம் அடிபடும் பெயர்கள். இரும்பு மலிவு, செய்யவும் சுலபம். ஆனால் ஏரி அடியில் ஆக்சிஜன் இல்லாமல் போனால் இரும்பு வடிவம் மாறி, பிடித்து வைத்த பாஸ்பேட்டை விட்டுவிடும். பாசி பிடித்த ஏரியின் அடிப்பகுதி அப்படித்தானே இருக்கும். லாந்தனம் அப்படி விடாது, ஆனால் விலை அதிகம். களிமண்ணில் லாந்தனம் ஏற்றிய ஒரு பொருளை ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனம் 1990-களில் உருவாக்கியது, அது பல நாட்டு ஏரிகளில் பயன்பாட்டில் இருக்கிறது. கரியில் ஏற்றும் வேலை அதன் தம்பி என்று சொல்லலாம், இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்திலும் சிறு முயற்சிகளிலும்தான் இருக்கிறது.

மூலப்பொருளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கடற்கரையோரம் சவுக்கு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓடு, ஆனால் அதில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால் முழுக்கக் கருகாத ஓடு தண்ணீர்ப் பக்கமே வரக் கூடாது. அரிசி ஆலை உமி. ஏரியிலேயே மண்டும் ஆகாயத்தாமரையைக் கரியாக்கலாம் என்ற யோசனை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கரி போக வேண்டிய இடம் தோட்டம். ஏரியிலிருந்து எடுத்த பாஸ்பரஸைத் திரும்ப ஏரிக்கே கொடுப்பானேன்?

எவ்வளவு கரி தேவைப்படும்? 1,000 வீடு, 4,000 பேர். ஆளுக்கு ஒன்றரை கிராம் என்றால் நாளுக்கு 6 கிலோ பாஸ்பரஸ். உலோகம் ஏற்றிய கரி கிலோவுக்கு 20 கிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 300 கிலோ கரி. ஒரு வருஷத்துக்கு 110 டன் வரும். கழிவுநீர்க் குழாய் நேராக ஏரியில் விழும் வரை கரியைப் பற்றிப் பேசுவது வீண் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். சாக்கடையைப் பாதாளச் சாக்கடையில் திருப்பிவிட்ட பிறகு, அங்கங்கே தப்பி வருவதையும் மழைநீரோடு வருவதையும் பிடிக்கத்தான் கரி.

அந்த நிலைமைக்கு வந்தபின் கரியை வைக்க வேண்டிய இடம் வரத்து வாய்க்காலின் வாய். நேராக வாய்க்காலில் கரி மூட்டையைக் கட்டினால் சீக்கிரமே கசடு அடைத்துக்கொள்ளும். முன்னால் ஒரு சிறு படிவுக் குட்டை, அடுத்து கோரையும் நாணலும் வளர்த்த ஒரு தடம், அதற்கும் பின்னால் கரிப் படுகை என்று இருந்தால் கரி நீண்ட நாள் உழைக்கும். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. கரியின் மேல் நுண்ணுயிர்கள் குடியேறி, ஒட்டியிருக்கும் கரிமப் பொருள்களைத் தின்னத் தொடங்கும். மைக்ரோசிஸ்டினையே உடைத்துத் தின்னும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. கல்வாழையும் வெட்டிவேரும் நட்டு ஏரியில் விடும் மிதவைப் படுகைகளில் தென்னை நாரோடு கரித்துண்டைக் கலப்பதும் இதே எண்ணத்தில்தான். செடியை அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்தால்தான் அதற்குப் பலன்.

சாக்கடையை அடைத்த பிறகும் ஏரி சில வருஷம் பச்சையாகவே இருக்கும். மக்கள் வெறுத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். பல ஆண்டு சேர்ந்த சேறு, கோடைதோறும் பாஸ்பரஸை மேலே விட்டுக்கொண்டிருக்கும். குளிர்நாடுகளில் ஆழமான ஏரியின் அடியை லாந்தனப் பொருள் போட்டு மூடுவதற்குக் காரணம், அங்கே ஏரி வற்றாது என்பது. நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை, பல கோடைகளில் பாதிக்கு மேல் வற்றிவிடும். அந்தச் சமயத்தில் மேல் சேற்றைத் தூர்வாரி வெளியேற்றுவது எந்தக் கரியையும்விட அதிகமான பாஸ்பரஸை எடுத்துவிடும் என்பது என் கணிப்பு. வண்டலை வயலுக்கு அடிப்பது நமக்குப் பழக்கமானதுதான், ஆனால் நகரச் சாக்கடை கலந்த ஏரி வண்டலில் கன உலோகம் இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டு அடிக்க வேண்டும்.

உங்கள் பகுதி ஏரியில் கரிப் படுகை வைத்துப் பார்க்க முடிவானால், கரி விற்பவரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். எதில் செய்தது, எந்தச் சூட்டில் சுட்டது, எந்த உலோகம் ஏற்றியது, கிலோவுக்கு எத்தனை கிராம் பாஸ்பேட் பிடிக்கும், அந்த அளவு ஆய்வகத்துத் தண்ணீரில் பார்த்ததா உண்மையான ஏரித் தண்ணீரில் பார்த்ததா? ஆய்வகத்துத் தண்ணீரில் பார்த்தது என்று பதில் வந்தால், சொன்ன அளவில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். படுகைக்கு முன்னாலும் பின்னாலும் தண்ணீர் எடுத்து மாதம் ஒரு முறை பாஸ்பேட் அளவு பாருங்கள். இரண்டு எண்ணும் நெருங்கி வந்துவிட்டால் கரி நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

தூளாக வாங்காதீர்கள், துண்டாகவோ குருணையாகவோ வாங்கி வலைப்பையில் கட்டுங்கள், திரும்ப எடுக்க முடிவது முக்கியம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் பழைய பைகளை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வெள்ளமே அவற்றை அடித்துக்கொண்டு போய்க் கலங்கல் என்கிற உபரிநீர்ப் போக்கி வழியே அடுத்த ஏரியில் சேர்த்துவிடும். எடுத்த கரியில் கன உலோகம் இல்லை என்று தெரிந்தால் நர்சரிக்கோ சாலையோர மரங்களுக்கோ மண்ணில் கலக்கலாம், பிடித்து வைத்த பாஸ்பரஸை மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும்.